கொடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை

சுற்றுலாக் குழுக்களை வெளிநாடு அழைத்துப் போகும் வேலையில் எனக்கு 11 வருடம் ஆகிறது. நியூசிலாந்துப் பயணம் என்றால் ஹாபிட்டன் கட்டாயம் உண்டு. ஆக்லாந்திலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால், மாட்டமாட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் வரும் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் ஊரை அங்கேதான் கட்டினார்கள். மேட்டைக் குடைந்த வீடுகள், வட்ட வட்டமாகக் கதவுகள். வெகுநாள் வரை என் கணக்கில் அது போட்டோ எடுக்கும் இடம், அவ்வளவுதான். தலை எண்ணி பஸ்ஸில் ஏற்ற வேண்டும், அப்புறம் ரோட்டோருவாவில் சாப்பாடு.

2023-இல் ஒரு குழுவில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் வந்தார். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் மின்ரயிலில் போய்வந்த காலத்தில், அந்தப் படங்களுக்கு மூலமான நாவலை நான்கு முறை படித்தவர். "தம்பி, நான் காசு கட்டினதே இந்த ஒரு இடத்துக்காகத்தான். மத்ததெல்லாம் வழியில வர்ற ஊருங்க" என்று ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டார்.

அங்கே வழிகாட்டியை விட்டுத் தனியாகச் சுற்ற முடியாது. எங்களுக்கு வந்த பெண் நன்றாகச் சொன்னார். 1998-இல் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் வானிலிருந்து தேடும்போது இந்தப் பண்ணை கண்ணில் பட்டது, குளக்கரையில் நின்ற பெரிய பைன் மரம் கதையில் வரும் விருந்து மரம் போலவே இருந்தது என்றார். அவர் கை நீட்டுமுன் அந்த அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். கதவுகளுக்குப் பின்னால் அன்று ஒன்றும் கிடையாது. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை எல்லாம் வெலிங்டனில் எடுத்தார்கள். நாயகன் வீட்டுக்கு மேலே நிற்கும் ஓக் மரமும் நிஜ மரம் இல்லை. தைவானிலிருந்து வந்த சுமார் இரண்டு லட்சம் இலைகளைக் கையால் கட்டியிருக்கிறார்கள். நிறம் சரியில்லை என்று படப்பிடிப்புக்கு முன் மறுபடி பெயின்ட் அடித்தார்களாம். இதைக் கேட்டதும் குழுவில் ஒருவர், "எல்லாம் பொம்மைதானா? இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று சத்தமாகவே கேட்டார். நான் அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன்.

அவர் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்னச் சட்டைகள் காற்றில் ஆடின. ஒரு வீட்டு வாசலிலிருந்து கொடி வரைக்கும் புல்லில் ஒற்றையடிப் பாதை. அது தானாக விழவில்லை. தினமும் துணி உலர்த்தப் போன தடம் தெரிய வேண்டும் என்று, ஆள் வைத்து நடக்கவிட்டார்கள் என்றார் வழிகாட்டி.

"படத்துல அது ஒரு நிமிஷம்கூட வராதே" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "முப்பத்திரண்டு வருஷம் டைம்டேபிள் செக்‌ஷன்ல இருந்தேன் தம்பி. வண்டி நேரத்துக்கு வந்துட்டா நாங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது" என்றார்.

கடைசியில், நாயகனின் தோழன் சாம் வீட்டு மஞ்சள் கதவு. பையிலிருந்து அவர் புத்தகத்தை எடுத்தார். மழையில் நனைந்து ஊதிப்போன அட்டை, நடுவில் அடையாளத்துக்குப் பழைய சீசன் டிக்கெட். திறக்கவில்லை, நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். "மேடம், நேரமாச்சு" என்று நான் குரல் கொடுத்தேன். உடனே புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டார். கிரீன் டிராகன் விடுதியில் மண் குவளையில் இஞ்சி பீர் குடிக்கும்போதும் சிரித்துப் பேசினார். அந்தக் குரலை நான் கொடுத்திருக்கக் கூடாது. இரண்டு நிமிடத்தில் எந்தச் சாப்பாடும் ஆறிப்போயிருக்காது.

இப்போதெல்லாம் ஆக்லாந்தில் பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்து அந்த இலைகளைப் பற்றியும் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கதவு வந்தால் கடைசி ஆள் நகரும்வரை பேசுவதில்லை.

அவர் வந்துபோன சில மாதங்களில், 2023 டிசம்பரில், இரண்டு வீடுகளை உள்ளேயும் முழுசாகக் கட்டித் திறந்தார்கள். அடுத்த முறை போனபோது மனசு கேட்காமல், சமையலறை, படுக்கை என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி. கொடிக்குப் போற பாதை அப்படியே இருக்கா?"

மறுநாள் காலை வழிகாட்டியைக் கேட்டு, அதையும் படம் அனுப்பச் சொன்னேன்.