தாங்கி மோட்டருக்கு 64 பைட் போதும்

உப்புவெளி வீட்டின் கூரைத் தண்ணீர்த் தாங்கி இப்போது தானாக நிரம்பி, தானாக நிற்கிறது. வேலையைப் பார்ப்பது ஏடிடைனி13ஏ என்ற எட்டு பிட் சிப். எட்டுக் கால், புரோகிராமுக்கு 1 கிலோபைட், ஓடும்போது கணக்கு வைக்கும் ரேம் வெறும் 64 பைட்.

"ஏன் அண்ணா, இஎஸ்பி32 ஒண்டு போட்டா ஃபோனிலயே பாக்கலாம்தானே?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். பார்க்கலாம். அது வைஃபை உள்ள பெரிய சிப், அதில் ரேம் 520 கிலோபைட், இதைவிட எட்டாயிரம் மடங்குக்கு மேல். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: தண்ணீர் தாங்கிக்குள் இருக்கும் கீழ்க்கம்பியைத் தொடுகிறதா, மேற்கம்பியைத் தொடுகிறதா. அதற்கு எதற்கு வைஃபை?

லாச்சியில் கிடந்த ஏடி89எஸ்52 என்ற பழைய வகைச் சிப்பைத்தான் முதலில் பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் குத்திப் பார்க்கும் பலகை) குத்தினேன். 1980 இல் இன்டெல் கொண்டுவந்த 8051 இன் வம்சம், இன்றைக்கும் நன்றாக ஓடும். ஆனால் 40 காலும், தாளம் கொடுக்கும் வெளிக் கிரிஸ்டலும் இந்த வேலைக்கு அதிகம். ஏடிடைனிக்குக் கிரிஸ்டலே வேண்டாம். மின்சாரத்துக்கும் ரீசெட்டுக்கும் மூன்று கால் போனால் மிச்சம் ஐந்து: பொதுக்கம்பி, கீழ்க்கம்பி, மேற்கம்பி, மோட்டரைப் போட்டு நிறுத்தும் ரிலே, எல்ஈடி. கணக்குச் சரி.

மண்டையைக் காய வைத்தது கம்பிதான். கடல் கிட்ட என்பதால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். மின்சாரம் நன்றாகக் கடத்தும், அது வசதி. ஆனால் ஒரே திசையில் டிசி ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பு நடந்து, நேர்முனைக் கம்பி கரைந்துபோகும். அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு, பார்க்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுக்கிறேன். பார்த்து முடிந்ததும் அதே அளவு நேரம் திசையைத் திருப்பிவிடுகிறேன். புரோகிராமில் சில வரிதான்.

மிச்ச நேரம் சிப் தூங்குகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமர் எட்டு செக்கனுக்கு ஒருதரம் எழுப்பும். பற்றரியில் ஓடும் சாமானுக்கு இந்தத் தூக்கம் பெரிய லாபம். இங்கே ரிலே கொயில் மட்டுமே 70 மில்லி அம்பியர் அளவில் குடிப்பதால் ஒன்றுக்கும் காணாது. ஆனால் எழும்பும் தடவைகளை எண்ணினால் இலவசமாக ஒரு மணிக்கூடு கிடைத்துவிடுகிறது! 225 தடவை என்றால் 1800 செக்கன், அரை மணித்தியாலம். ஒரு பைட்டுக்குள் 255 வரை அடங்கும். அதற்குள் மேற்கம்பி நனையாவிட்டால் கிணறு வற்றிவிட்டது அல்லது எங்கோ குழாய் கழன்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மோட்டரை நிறுத்தி எல்ஈடியை மினுக்கும். அந்த வாட்ச்டாக் அவ்வளவு துல்லியமில்லை. தாங்கிக்கு அது பிரச்சினையும் இல்லை.

மோட்டர் கிளம்பும்போது வோல்டேஜ் சட்டென்று விழும். அதற்காக பிரவுன் அவுட் எல்லையை (வோல்டேஜ் இதற்குக் கீழே போனால் சிப் தன்னை நிறுத்திக்கொள்ளும் அளவு) 4.3 வோல்ட்டில் வைத்தேன். சிப் குழம்பி ஓடாமல் ஒழுங்காக ரீசெட் ஆகிவிடும். உடனே திரும்பவும் மோட்டரைப் போட்டு ரிலே படபடக்காமல் இருக்க, ரீசெட்டுக்குப் பிறகு ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரும் உண்டு. 230 வோல்ட் பக்கத்தை வயரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதில் விளையாட்டு வேண்டாம்.

இனிப் பெட்டிதான் பாக்கி. இந்த உப்புக் காற்றுக்கு ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூக்கும். இப்போதைக்கு நெயில் பொலிஷ் பூசி வைத்திருக்கிறேன், வயர் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் தேட வேண்டும்.