முதல் பதில் மறைந்திருக்கட்டும்: நாலாந் தரத்தில் நாவலும் வட்ஸ்அப்பும்

வகுப்பில் வாசிக்கும் நாவலைப் பற்றி வட்ஸ்அப் குறூப்பில் பேசச் சொன்னால், முதலில் ஒரு பிள்ளை பதில் போடும். பின்னால் வருகிற முப்பதும் அதன் நகல்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. முதல் பதிலுக்கு ரீச்சர் 'நல்லது' என்று போட்டதுமே அதுதான் விடை என்று ஆகிவிடுகிறது. ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும் ஒரு விதியை விடக்கூடாது: தன் பதிலைத் தரும்வரை மற்றவர் பதிலை எந்தப் பிள்ளையும் பார்க்கக்கூடாது.

கூகுள் கிளாஸ்ரூமின் கேள்விப் பகுதியில் இதற்கு வசதி உண்டு. ஒருவருக்கொருவர் மறுமொழி எழுதும் தெரிவைப் போட்டுவிட்டால், பதில் அனுப்பிய பிள்ளைக்கே மற்றப் பதில்கள் திறக்கும். ஆனால் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் திறக்க முடியாது. பாடசாலை வழங்கும் கணக்கோ பெற்றோர் மேற்பார்வைக் கணக்கோ வேண்டும். வட்ஸ்அப்புக்கும் அதே வயதுதான். மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் நடைமுறையில் கிடைப்பது தாயின் போன், இல்லாவிட்டால் வயலால் திரும்பும் தகப்பனின் போன்.

அதனால் குறூப்பை விட்டுவிட்டுப் புரோட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு லிஸ்டில் 256 எண்கள் வரை சேர்க்கலாம். கேள்வி எல்லாருக்கும் போகும், பதில் ரீச்சரின் தனிப் பெட்டிக்கு மட்டும் வரும். தாய்மாரின் எண்களை மற்றவர்கள் பார்க்கவும் வழியில்லை. தவறுவது ஒரே இடத்தில்தான்: ரீச்சரின் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குச் செய்தி போகாது. பெற்றோர் கூட்டத்திலேயே எல்லாரையும் சேமிக்க வைத்து, ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரச் சுற்று இப்படி ஓடும். திங்கட்கிழமை இரண்டு அத்தியாயம் வகுப்பில் வாசித்து முடிய, பின்னேரம் ஒரேயொரு கேள்வி. புதன் இரவு எட்டு மணிவரை அவகாசம். இரண்டு நாள் கொடுத்தால்தான் போன் வீட்டுக்கு வரும் நேரம் எல்லாருக்கும் அமையும். வியாழன் ஒன்றுக்கொன்று முரண்படும் ஐந்தாறு பதில்களைப் பெயரில்லாமல், 1, 2, 3 என்று எண்ணிட்டு ஒரே செய்தியாக அனுப்புங்கள். பிள்ளை ஒன்றைத் தெரிந்தெடுத்து, 'மூன்றாவது பதிலோடு உடன்படவில்லை, ஏனென்றால்…' என்று தொடங்க வேண்டும். வெள்ளி அதே பதில்களை பெரிய டிமைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, வகுப்பில் வாயால் பேச விடுங்கள். 12 அத்தியாய நாவல் ஆறு வாரத்தில் முடியும். நாலு பேருக்கு ஒரு பிரதி என்றால் 32 பிள்ளைகளுக்கு எட்டுப் பிரதி போதும். முழுப் புத்தகத்தையும் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுவரை இலங்கைச் சட்டத்தில் பதிப்புரிமை உண்டு.

எல்லாவற்றையும்விடக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். குளக்கட்டில் கிடந்த பையை ஒரு சிறுவன் மறைத்து வைக்கும் அத்தியாயம் என்று வையுங்கள். 'பையைக் கண்டெடுத்தவர் யார்?' என்று கேட்டால் உரையாட எதுவுமே இல்லை. 'மறைத்தது சரியா?' என்று மட்டும் கேட்டால் வாசிக்காத பிள்ளையும் ஓம், இல்லை என்று சொல்லிவிடும். 'பையை மறைத்த பிறகு அவன் தங்கச்சியோடு பேசும் விதம் மாறுகிறதா? அதைக் காட்டும் ஒரு வசனத்தைப் பக்க எண்ணோடு சொல்' என்பது வேலை செய்யும் கேள்வி. பக்க எண் கேட்டாலே புத்தகம் மறுபடி திறபடும். அதே கேள்வியில் 'அத்தியாயம் 3, 4 மட்டும்' என்று போடாவிட்டால், முன்னே ஓடி வாசித்த பிள்ளை முடிவைச் சொல்லிவிடும்.

பதிலைக் குரல் பதிவாகக் கேளுங்கள், நாற்பது விநாடிக்குள். தட்டச்சில் தடுமாறும் பிள்ளையும் பேசும், சிக்னல் குறைந்த இடத்திலும் வந்து சேரும். எழுத்தில் வரும் பதிலில் 'கதாபாத்திரத்தின் மனப்போராட்டம்' என்று இருந்தால் அது அக்காவோ அப்பாவோ எழுதியது. குரலில் 'மறுகா அவன் பயந்து போய்' என்று வந்தால் பிள்ளையே யோசித்தது. வியாழன் செய்தியில் அந்தப் பேச்சை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

போன் இல்லாத வீட்டுப் பிள்ளை துண்டுத் தாளில் எழுதி வகுப்புப் பெட்டியில் போடட்டும். அதுவும் அதே எண் வரிசையில் கலந்து போக வேண்டும். எது போனில் வந்தது, எது பெட்டியில் வந்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது. இதற்குப் புள்ளி போடவே வேண்டாம். புள்ளி போட்ட நாளில் போன் உள்ள வீடு வெல்லும்.

கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கேள்வியை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசில் வினாத்தாள்களுக்கு நடுவே இதற்கு இடம் கிடைக்காது. நாலாந் தரம்தான் பொருத்தம். புரட்டாசிக்குள் நாவலை முடித்துவிடுங்கள். மாரி பிறந்து வெள்ளம் ஏறினால் பாதையும் கரண்டும் ஒன்றாகப் போகும், வாரச் சுற்று அறுந்துவிடும். எட்டுப் பிரதிகளையும் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.