ஓட்டுருளியும் உடைந்த ஐந்து சிரட்டைகளும்

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓடாத மின்விசிறி ஒன்றைப் போட்டுவிட்டு வரலாம் என்று மார்த்தாண்டத்தில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு ஆக்கர் கடைக்குப் போனேன். மின்விசிறிக்கு 180 ரூபாய் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருக்கலாம். மூலையில் குக்கர் மூடிகளுக்கும் தையல் இயந்திரத்தின் கால்களுக்கும் நடுவே அகன்ற வாய் கொண்ட சமையல் பாத்திரமான உருளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

வெளியே கரி. உள்ளே என்றைக்கோ அடிப்பிடித்துக் கல்லாகிப்போன ஏதோ ஒன்று. காதுக்குக் கீழே பச்சைக் களிம்பு. கடைக்காரர் பித்தளை என்றார். விரலை மடக்கி விளிம்பில் ஒரு சுண்டு சுண்டினேன். ஒலி எழுந்து, நின்று, கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றியது. பித்தளை இப்படிப் பாடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். இது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த ஓடு, அதாவது வெண்கலம், கோயில் மணிக்கு உருக்கும் அதே உலோகம். பொதுவாகச் செம்பு 78, வெள்ளீயம் 22 என்று கணக்குச் சொல்வார்கள். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து மான்னார் இந்த வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே வார்த்த புது உருளியின் விலையை ஒருமுறை கேட்டுவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன்.

எடை 3 கிலோ 200 கிராம். கிலோ 650 என்று போட்டு 2,080 வந்தது. 2,050-க்கு முடித்தேன். இது பித்தளை இல்லை என்று நான் வாயைத் திறக்கவில்லை. அது சரியா தப்பா என்பதில் என் மனைவிக்கு வேறு கருத்து உண்டு, இன்றுவரை.

அம்மை திண்ணையில் உட்கார்ந்தபடியே உருளியை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "வெங்கலம்தான் மக்கா. ஆனா ஒரு காதுல வேற சத்தம் வருது பாத்தியா?" அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். இடது காது ஒட்டியிருக்கும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல். ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிறைத்து வைத்தோம். காலையில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. கீறல் காதோடு நின்றிருந்தது. காதைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்கினால் போதும் என்று தீர்ப்பானது.

அடுத்த இரண்டு ஞாயிறும் தேய்ப்பதிலேயே போயிற்று. முதல் நாள் அவசரப்பட்டு இரும்பு நாரை எடுத்துவிட்டேன். உள்பக்கம் நாலைந்து கோடு விழுந்ததும் அம்மை நாரைப் பிடுங்கித் தூரப் போட்டாள். அப்புறம் அவள் சொன்னபடி செய்தேன். புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, ஆறும்வரை அப்படியே விட்டேன். கல்லாகியிருந்தது விளிம்பிலிருந்து பெயர ஆரம்பித்தது. மூன்று தடவை இப்படி. மிச்சத்தைச் சாம்பலும் கதம்பை நாரும் (தேங்காய் மட்டை நார்) பார்த்துக்கொண்டன. பச்சைக் களிம்பு மட்டும் துளிகூட மிஞ்சக் கூடாது, அது வயிற்றுக்குள் போகிற சமாச்சாரம் இல்லை. கடைசியில் கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஒருமுறை கொதிக்கவிட்டுக் கொட்டினேன். உள்ளே இளம் பொன் நிறம் தெரிந்தது. வெளிப்பக்கக் கரியை முழுக்க எடுக்கவில்லை, எப்படியும் அடுப்பில் ஏறப்போகிறது.

உருளியின் அடி வளைந்திருப்பதால் தரையில் வைத்தால் ஆடும். அம்மையின் பழைய பருத்திச் சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தேன். பிரிமணை தயார். ஒரு மணி நேர வேலை. இந்த மொத்தக் கதையிலும் முதல் தடவையே சரியாக வந்தது இது ஒன்றுதான், அதனால் இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சித்திரை விஷுவுக்கு அதே உருளியில், விடிந்ததும் முதலில் கண்ணில் பட வேண்டிய கணி வைத்தோம். அரிசி, வெள்ளரிக்காய், கண்ணாடி, கொன்றைப் பூ, நாணயங்கள். மகள் அதைப் படமெடுத்து அத்தைமார் எல்லோருக்கும் அனுப்பினாள். அதோடு நிறுத்தியிருந்தால் அழகான அலங்காரப் பொருளாக இருந்திருக்கும். எனக்கு அதில் சமைக்க வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கிற அரண்மனை அது. தர்பார் மண்டபம், கட்டில் எல்லாம் மறந்துபோயிற்று. ஊட்டுபுரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தின் நீளமும் அங்கே இருந்த பெரிய சீனச் சாடிகளும் மட்டும் மனதில் நிற்கின்றன. பாத்திரம் என்றால் காலியாக இருக்கக் கூடாது என்பது அன்றைக்கே என் எண்ணம்.

என்ன சமைப்பது என்பதில் சந்தேகமே இல்லை, சக்கை வரட்டி. எங்கள் பக்கம் சக்கை என்றால் பலாப்பழம், அதை வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டி வற்றவைப்பது வரட்டி. வீட்டுக் கொல்லையில் இரண்டு பிலா (பலா மரம்) நிற்கிறது, ஒன்று கெட்டிச் சுளை வருக்கை, ஒன்று குழைந்த சுளை கூழன். சக்கை தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம், 2018 முதல் கேரளத்துக்கும் மாநிலப் பழம். மாநில எல்லையில் இருக்கும் களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கௌரவம். ஆனால் மே மாதம் எங்கள் ஊரில் சக்கையை யாருக்கும் சும்மா கொடுக்கக்கூட முடியாது.

வரட்டி கிண்ட வேண்டும் என்றால் ஓட்டில் கீறல் விழாத கரண்டி வேண்டும். சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், அகப்பை செய்தால் என்ன என்று தோன்றியது. இங்கேதான் என் புத்தி தடம் மாறியது. எப்படி என்பது எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

நெற்றுத் தேங்காயை உடைத்து, கண் இல்லாத பாதியை எடுத்தேன். வெளி நாரை வெட்டுக்கத்தியால் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். காபிக்கொட்டை நிறத்தில் மின்னியது. விளிம்புக்குக் கீழே ஒரு துளை, எதிர்ப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இன்னொரு துளை. காம்பு குறுக்கே சரிந்து நுழைந்து நிற்க வேண்டும். துளையிடும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து அழுத்தினேன், டப் என்று பிளந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆணி வைத்து அடித்தேன், மூன்றாவது போயிற்று. அம்மை சொன்னாள், "ராத்திரி தண்ணியில ஊறப் போடு. கம்பியப் பழுக்கக் காச்சிக் குத்து." குத்தினேன். புகையும் நாற்றமும் வந்தாலும் துளை வட்டமாக விழுந்தது. அந்த மகிழ்ச்சியில் உள்பக்கத்தை அளவுக்கு மீறித் தேய்த்து நாலாவதை மெல்லியதாக்கி உடைத்தேன். ஐந்தாவதில் காம்பைச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். அதுவும் பிளந்தது. ஆறாவதில் காம்பைக் கூராகச் சீவிக் கையாலேயே முறுக்கி ஏற்றினேன். நின்றது.

காம்புக்குக் கமுகு. அண்டை வீட்டில் அந்த வாரம் சாய்த்த கமுகின் வெளிப்பாகத்திலிருந்து ஒரு சிம்பு வாங்கி வந்து சீவினேன். நல்ல உறுதி, நல்ல வழுவழுப்பு. தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்தேன். பார்க்கக் கண்காட்சியில் வைக்கலாம் போல இருந்தது.

வரட்டிக்கு முன்னால் ஒரு சோதனை. அன்று மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மயக்குவதாக, அதாவது வேகவைத்து மசிப்பதாக இருந்தது. திருவிதாங்கூரில் பஞ்சத்தைச் சமாளிக்க இந்தக் கிழங்கைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா, 1880 முதல் 1885 வரை ஆண்டவர். எங்கள் வீட்டில் மழை பெய்தாலும் யாருக்காவது மனம் சரியில்லாவிட்டாலும் மரச்சீனிதான். வெந்த தண்ணீரைக் கண்டிப்பாக வடித்துக் கொட்டிவிட வேண்டும், கிழங்கில் இருக்கும் கசப்பு நஞ்சு அதோடு போகும். தேங்காய், பச்சை மிளகாய், மஞ்சள், சீரகம் அரைத்துச் சேர்த்து, என் அகப்பையால் மசிக்க ஆரம்பித்தேன். பத்து அழுத்து அழுத்தியிருப்பேன். காம்பு கையோடு வந்தது, சிரட்டை மரச்சீனிக்குள் புதைந்து நின்றது.

பச்சைக் கமுகைச் சீவியதால் வந்த வினை. இரண்டு வாரத்தில் காய்ந்து சுருங்கித் துளையில் ஆட்டம் கண்டுவிட்டது. அதைவிடப் பெரிய செய்தியை அம்மை சிரித்து முடித்த பிறகு சொன்னாள்.

"அகப்பை கோரி ஊத்துறதுக்கு மக்கா. கிண்டுறதுக்குத் துடுப்புல்லா வேணும்."

மூன்று வாரம் திண்ணையில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள்தான். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ குழம்பு ஊத்தத்தான் செய்யுதன்னு நெனச்சேன்" என்றாள். சாளைக் கறியும் மரச்சீனியும் அன்று நன்றாகத்தான் இருந்தன. மீன் கறி மண்சட்டியில் வைத்தது. புளி சேர்ந்த கறியை ஓட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம்.

துடுப்பு ஒரே நாளில் முடிந்தது. பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த பிலாச் சட்டம் ஒன்று விறகுக் கொட்டிலில் கிடந்தது. சாயம் எதுவும் ஏறாத கட்டை. வெட்டுக்கத்தியால் தட்டையாகச் செதுக்கி, நுனியை உருளியின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, உப்புத்தாள் போட்டேன். நீளம் கிட்டத்தட்ட இரண்டரை அடி. சக்கை தெறிக்கும், கை எட்டத்தில் இருக்க வேண்டும். பிலாக் கட்டையால் பிலாப் பழத்தைக் கிண்டுவதில் ஏதோ அநியாயம் இருப்பதாக மகள் சொன்னாள்.

முதல் ஈடு 1 கிலோ சுளை, எரிவாயு அடுப்பில். அடுப்பின் தீ நடுவில் உள்ளங்கை அளவுக்குத்தான் எரிகிறது. உருளியோ முறம் போல அகலம். ஓரத்தில் சூடு ஏறுவதற்குள் நடுவில் பிடித்துவிட்டது. ஒரு போன் வந்து எடுத்ததும் தப்பு. கரிந்த வாடையோடு இருந்ததை நானும் மனைவியும் மூன்று நாள் மௌனமாகச் சாப்பிட்டோம்.

இரண்டாம் ஈட்டுக்குக் கொல்லையில் செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினேன். வருக்கைச் சக்கை ஒன்றை இறக்கி, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி வெட்டினோம். பால் ஒட்டினால் சோப்புக்குப் போகாது. கொட்டை நீக்கிய சுளை 3 கிலோ. ஆவியில் வேகவைத்து அரைத்துக்கொண்டோம். சர்க்கரை ஒன்றரை கிலோ. எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. அதைக் கரைத்துக் கல் மண் போக வடிகட்டினோம். நெய் 250 கிராம், சுக்கு, ஏலக்காய்.

கதம்பையில் தீ பிடிக்கவைத்து, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) போட்டு எரியவிட்டேன். முதலில் விழுதை மட்டும் போட்டு நீர் வற்றும்வரை கிண்டல். அப்புறம் சர்க்கரைப் பாகு. அது விழுந்ததும் மறுபடி இளகிக் கூழாகிறது, செய்ததெல்லாம் வீணோ என்று தோன்றும். வீண் இல்லை, அப்படித்தான் இருக்கும். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் குமிழி பெரிதாகித் தெறிக்கிறது. கை மாறி மாறிக் கிண்டினோம், நான், மனைவி, மகள். அம்மை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து "அடியத் தொட்டு எடு, அடியத் தொட்டு எடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி அரை மணி நேரத்துக்குக் கொழுந்துவிடும் தீ கூடாது, கனல் வேண்டும். அப்போதுதான் அந்த உடைந்த ஐந்து சிரட்டைகள் நினைவுக்கு வந்தன. நார் நீக்கி, உப்புத்தாள் போட்டு மெருகேற்றிய சிரட்டைகளை அடுப்பில் வைத்தவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நன்றாக நின்று கனன்றன. இஸ்திரிக்காரர்கள் சிரட்டைக் கரியைத் தேடிப் பிடிப்பது சும்மா இல்லை.

இரண்டரை மணி நேரத்தில் வரட்டி உருளியின் ஓரத்தை விட்டு ஒன்றாகச் சுருண்டு வந்தது. துடுப்பைத் தூக்கினால் பொத்தென்று மொத்தமாக விழுந்தது. ஆறியதும் கொஞ்சம் கிள்ளி உருட்டினால் கையில் ஒட்டவில்லை. கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். எடை போட்டோம், 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஈரமில்லாத பீங்கான் பரணியில் அழுத்தி நிரப்பி, மேலே நெய் விட்டு மூடினோம். அம்மை ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "சுக்கு ஒரு பொடி கூடிப்போச்சு" என்றாள். பிறகு இரண்டாவது வாய் எடுத்தாள்.

திருவனந்தபுரத்தில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு, தினமும் குழித்துறையில் ரயில் ஏறுகிறவன், ஆகவே கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உருளி 2,050. உப்புத்தாள், சர்க்கரை, நெய் எல்லாம் சேர்த்து 480. மின்விசிறி விற்ற 180-ஐக் கழித்தால் நிகரச் செலவு 2,350. இதே அளவு வரட்டியைக் கடையில் வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. உருளி மிச்சம் என்கிறேன் நான். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள் மனைவி.

இப்போதைய நிலவரம் இது. வரட்டியில் பாதி பாறசாலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிற்று. மீதியில் ஒரு பங்கை அரிசிமாவும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசைந்து, வயணை இலையில் பொதிந்து அவித்தோம். அந்த இலை வாசனைக்காகவே இன்னொரு சக்கை இறக்கலாம். காதுக் கீறல் அப்படியே இருக்கிறது. பற்றவைத்தால் சூட்டில் ஓடு மேலும் பிளந்துவிடக் கூடும் என்று பாத்திர வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் சொன்னார், விட்டுவிட்டேன். கமுகுக் காம்பை ஒரு மாதம் பரணில் காயப்போட்டு, ஒரு சின்ன ஆப்பு வைத்து மறுபடி ஏற்றினேன். ஆறாவது சிரட்டை இப்போது ஆடுவதில்லை.

ஓணத்துக்குப் பாயசம் வைக்கப் பக்கத்து வீட்டு அக்கா உருளியை இரவல் கேட்டிருக்கிறார். துடுப்பையும் பிரிமணையையும் சேர்த்துக் கேட்டார். அகப்பையை யாரும் கேட்கவில்லை.