லூசெர்ன்: ஏரிக்கரை நாட்குறிப்பு

ஜூன் 12, வியாழன்

ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகருக்கு, சூரிச் விமான நிலையத்திலிருந்து நேர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஏரி, படகுத்துறை, பேருந்து எல்லாம் எதிரில். விடுதியில் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் நகரப் பேருந்துக்குத் தனிச் சீட்டு வேண்டாம். தெருக்குழாய் நீரூற்றுகளில் வருவது குடிநீர்தான். பாட்டில் தண்ணீர் வீண் செலவு.

ஜூன் 13, வெள்ளி

காபெல் மரப்பாலத்துக்குக் காலை எட்டுக்குள் போய்விட வேண்டும். பிறகு சுற்றுலாக் கூட்டம் நகரவிடாது. பாலம் ஆற்றை நேராகக் கடக்காமல் கோணலாகப் போவதற்குக் காரணம், அது 14-ஆம் நூற்றாண்டில் நகர அரணின் ஒரு பகுதியாகக் கட்டப்பட்டது. கூரைக்கடியில் இருந்த முக்கோண ஓவியங்களில் பெரும்பாலானவை 1993 ஆகஸ்ட் தீயில் போயின. கருகிய பலகைகளை இன்றும் பார்க்கலாம்.

பலரும் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆற்றோட்டத்தின் திசையிலேயே சில நிமிடம் நடந்தால் ஊசியணை. ஏரியிலிருந்து வெளியேறும் ராய்ஸ் ஆற்றில் வரிசையாகச் செங்குத்தாய் நிற்கும் மரக்கட்டைகள்தான் ‘ஊசிகள்’. ஏரி மட்டம் ஏறினால் சிலவற்றை உருவுவார்கள், இறங்கினால் மறுபடி செருகுவார்கள், எல்லாம் கைவேலை. மலைப்பனி உருகும் காலத்தில் நீரின் இரைச்சலே வேறு. என்னைக் கேட்டால் பாலத்தைவிட இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

காலையில் ஆற்றங்கரைச் சந்தை, செவ்வாயும் உண்டு. பிறகு முசெக் மதில். ஒன்பது கோபுரங்களில் நான்கில் ஏறலாம், குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். படிகள் செங்குத்து, மரத்தாலானவை. ட்சீட் கோபுரக் கடிகாரம் ஊரின் மற்றக் கடிகாரங்களுக்கு ஒரு நிமிடம் முந்தி அடிக்கும் உரிமை பெற்றது. அதைக் கேட்க, மணியாவதற்குப் பத்து நிமிடம் முன்பே மேலே இருங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

பிலாத்துஸ் மலை. சீட்டு வாங்குமுன் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் காசு கொடுத்து வெண்புகை பார்த்ததாகிவிடும். அல்ப்நாக்‌ஷ்டாட் என்ற அடிவார ஊர் வரை படகு ஒன்றரை மணி நேரம், ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து பல்சக்கர ரயில், 1889-இல் தொடங்கியது. சரிவு 48 சதவீதம் வரை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய பல்தண்டு ஓடுகிறது. வழக்கம்போல் பல்சக்கரம் அதில் மேலிருந்து பதிந்தால் இந்தச் சரிவில் பற்களை விட்டு மேலெழும்பி நழுவிவிடும். அதனால் படுக்கைவாட்டில் இரு சக்கரங்கள் பல்தண்டை இருபுறமும் கவ்வுகின்றன. குளிர்காலத்தில் ஓடாது. இறங்க க்ரீன்ஸ் பக்கம் கம்பிவட ஊர்தி, பிறகு 1-ஆம் எண் பேருந்து. ஸ்விஸ் டிராவல் பாஸுக்கு (சுற்றுலாப் பயணிகளுக்கான நாடு தழுவிய பயணச்சீட்டு) இங்கே பாதிக் கட்டணம். எதிர்க்கரை ரிகி மலைக்கு இலவசம். ஏரியைவிட உச்சி 1,600 மீட்டருக்கு மேல் உயரம், பத்து டிகிரியாவது குறையும், ஸ்வெட்டர் கட்டாயம். ஞாயிறு ஊரில் கடைகள் மூடியிருக்கும். ரொட்டி, பழத்துக்கு ரயில் நிலையக் கடைகள்தான் கதி.