நாலு விரல் ப்ளே

ஜூலை 29

ஜீப்பின் ஸ்டியரிங் வீல் மேல் கையை வைத்து ப்ளேயை அளந்து பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது. அதற்கப்புறம்தான் டயர் அசைகிறது. போன வருஷம் இரண்டு விரல்தான். திண்ணையிலிருந்து அப்பா, "எவ்வளவு இருக்கு?" என்றார். இரண்டு என்றேன்.

ஜூலை 31

அப்பா கைப்பயிற்சிப் பந்தை அமுக்கியது: காலை 40, சாயங்காலம் 15.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வெண்ணாற்றில் தண்ணீர் படித்துறையின் மூன்றாவது படி வரை. அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கரைமேல் எதிரே டிராக்டர். ஒதுங்குவதற்கு இரண்டு கையும் போதவில்லை, தோளும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. 1978 மகிந்திரா சி.ஜே. 3பி. வந்த புதிதில் இவ்வளவு கனமில்லை என்பார்கள். அந்த உயரமான பானெட்டே உள்ளே இருந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினுக்காக உயர்த்தியதுதான். அதைக் கழற்றிவிட்டு இன்டர்நேஷனல் டிராக்டர் டீசல் இன்ஜினை உட்கார வைத்தது அப்பா. அகல டயர் போட்டது நான். ஆளுக்குப் பாதி பாவம்.

ஆகஸ்ட் 6

பாய் பட்டறை. ஸ்டியரிங் பெட்டியைத் திறந்தார். ராஸ் வகை: திருகுபோல் வரியோடிய தண்டு, அந்த வரிக்குள் இரண்டு முளைகளை நுழைத்துக்கொண்டு நகரும் லீவர். முளைகள் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டன. ப்ளே தெரியும்போதெல்லாம் பெட்டி மூடியிலுள்ள திருகை இறுக்கி வந்தது நான்தான். தண்டு அதிகம் தேய்வது நடுவில், அதாவது நேரே ஓடும் இடத்தில். நடுவில் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் இருந்தது இதனால்தான். நான் டயர் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பவர் ஸ்டியரிங் பெட்டியே போட்டுடுங்க தம்பி. அப்பாவும் ஒத்தக் கையால ஓட்டுவாரு."

அதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 7

அப்பா ராத்திரி தூங்கவே இல்லையாம். சந்தோஷத்தில்.

ஆகஸ்ட் 9

கழித்துப்போட்ட காரிலிருந்து மின் மோட்டார் வைத்த ஸ்டியரிங் தண்டை எடுத்துப் பூட்டலாம் என்கிறான் மச்சான். எண்ணெய் வேண்டாம், பம்ப் வேண்டாம், பெல்ட் வேண்டாம். ஆனால் கீழே இருப்பது அதே தேய்ந்த பெட்டி. நாலு விரலை நோகாமல் ஆட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். வேண்டாம்.

ஆசை என்னவோ பழைய அமெரிக்க ஜீப்களில் வந்த சாகினா பெட்டிமேல். தண்டுக்கும் நட்டுக்கும் இடையே எஃகு பால்ஸ் உருண்டு ஓடும், கடைசிக்குப் போனதும் குழாய் வழியாகத் திரும்பி ஆரம்பத்துக்கே வரும். நாம் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு வால்வைத் திறக்க, மிச்ச வேலையை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஒரு சீல் கசிந்தால் நீடாமங்கலத்தில் யாரிடம் போய் நிற்பது?

மிஞ்சுவது இந்தப் பக்கம் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளின் பெட்டி. உள்ளே வேலை அதேதான். சீல் கிட் மன்னார்குடியிலேயே கிடைக்கும் என்கிறார் பாய்.

ஆகஸ்ட் 12

ரயில்வே கேட். நெல் மூட்டை வேகன்களை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நாலு விரல். நாலு விரல்.

ஆகஸ்ட் 15

தஞ்சாவூரில் பழைய சாமான் கடை. முதல் பெட்டி புதுசு மாதிரி மின்னியது. நம் வண்டிச் சட்டத்தில் உட்காரப்போகிற வாக்கிலேயே பிடித்துக்கொண்டு தண்டை வலப்பக்கம் திருப்பினேன். பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிட்மேன் ஆர்ம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு நேர் எதிரே போனது. பூட்டியிருந்தால், வலது பக்கம் ஒடித்தால் வண்டி இடது பக்கம், ஆற்றுக்குள். கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது சரியாகப் போனது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் மூன்றரைச் சுற்று. ஆனால் ஆர்ம் மாட்டும் தண்டைத் துடைத்துவிட்டு, சீல் உட்காரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். மாட்டியது. நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் எண்ணெய் நிற்காது. வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16

இரவு 2 மணி. கியர் போடுவது இடது கை. அப்பாவுக்கு வராத கை.

ஆகஸ்ட் 17

யாரிடமும் சொல்லவில்லை. பந்து: காலை 55.

ஆகஸ்ட் 20

பெட்டி கிடைத்துவிட்டது, அதே வண்டியின் பம்போடு. பம்ப் ஒரு வண்டியிலிருந்தும் பெட்டி ஒரு வண்டியிலிருந்தும் எடுத்தால் அழுத்தம், எண்ணெய் வேகம் ஒத்துப்போகாமல் போகலாம். நகம் மாட்டவில்லை, மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன்.

பட்டறையில்தான் தகராறு. பழைய ஆர்மின் துளை புதுத் தண்டின் பல்லுக்குச் சேரவில்லை. வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் பாய். "ஊரே இப்படித்தான் ஓடுது தம்பி." ஓடட்டும் பாய். அடித்துச் செய்த இரும்பு அது, வெல்டிங் வைத்த இடத்தில் என்றைக்கு விடும் என்று யார் சொல்வது? பெட்டியோடு வந்த ஆர்மே இருக்கட்டும், ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிகளின் நீளத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். சட்டத்துக்கும் உள்பக்கம் தகடு வைத்துப் பலப்படுத்தச் சொன்னேன். பவர் பெட்டி தள்ளுகிற தள்ளில் மெல்லிய சட்டம் போல்ட் துளையிலிருந்தே விரிசல் விடும். பாய்க்குக் கோபம். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 23

மத்தியானம் திண்ணையில் அப்பாவைக் காணோம். பெட்டி இல்லாத ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியைத் தாண்டி நீட்டி, கியர் தடியை முதலுக்கும் இரண்டாவதுக்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிறுத்தவில்லை.

"களத்துல மட்டும்தான். நீ பக்கத்துல உக்காந்து கியர் போடு. க்ளட்ச்சுக்குக் கால் இருக்கு."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24

பந்தைக் காணோம். அம்மா கட்டிலுக்கு அடியில் தேடுகிறாள்.

ஆகஸ்ட் 26

பெட்டி ஏறிவிட்டது. முன்சக்கரம் இரண்டும் ஜாக்கியில். மூன்றரையில் பாதி, ஒன்றே முக்கால் சுற்றில் நிறுத்தி, டயரை நேராக்கி ஆர்மை மாட்டினோம். எண்ணெய் ஊற்றி இரு ஓரத்துக்கும் மெதுவாகத் திருப்பத் திருப்பக் குமிழி வருகிறது, நுரை இன்னும் அடங்கவில்லை. பம்ப் பெல்ட் ஒரு விரற்கடை நீளம் கம்மி. வேறு பெல்ட்டுக்குப் பாய் நாளைக் காலை தஞ்சாவூர் போகிறார். அப்பா மதியமே செருப்பைப் போட்டுக்கொண்டார்.