குதிரைத் தபால்காரர் சிலை: சிறு மாதிரி செய்து பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் ஜோசப் நகரில், ஹெர்மன் மெக்நீல் வடித்து 1940இல் திறக்கப்பட்ட போனி எக்ஸ்பிரஸ் (குதிரைவீரர்கள் கடிதங்களைக் கொண்டுசென்ற தபால் சேவை) வெண்கலச் சிலையைப் படங்களில் பார்த்த நாளிலிருந்தே, அப்படியொரு குதிரைவீரனைச் செய்து பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது. அச்சிலையை நகலெடுக்கும் திறமை எனக்கில்லை. எனவே உண்மைக் குதிரையின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், என் போக்கில் தொடங்கினேன்.

முதல் குதிரை ஓரிரவுகூடத் தாங்கவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் இருப்பதால் எடை முழுவதும் பின்னங்கால்களில் இறங்க, நான் வைத்திருந்த மெல்லிய அலுமினியக் கம்பி வளைந்து, காலையில் பார்த்தபோது குதிரை மூக்கைப் பலகையில் ஊன்றிக் கிடந்தது. அடுத்த முறை இரும்புக் கம்பியை இரட்டையாக முறுக்கி, பலகையில் துளையிட்டு இறக்கி, அடியில் மடக்கிவிட்டேன். வயிற்றுக்குள் தெர்மாகோல் வைத்து, மேலே எபாக்சி மக்கைப் பூசியதும் நின்றுவிட்டது.

என்னை அதிக நாள் பிடித்துவைத்தது தபால்பைதான். மோச்சிலா எனப்பட்ட அது, சேணத்தின்மேல் போர்த்தும் தோல் விரிப்பு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பெட்டிகள் அதில் தைக்கப்பட்டிருக்கும். பழைய கைப்பையின் தோலை வெட்டி, சேணத்தின் முன்கொம்பு நுழையத் துளையும் பின்மேடு நுழையக் கீறலும் இட்டேன். கீறல் 2 மில்லிமீட்டர் குறைந்துபோனதில் ஒரு தோல் வீணாயிற்று. சரியாக அமர்ந்த பிறகுதான் அதன் சூட்சுமம் கையில் விளங்கியது: அதைச் சேணத்தோடு கட்டவே தேவையில்லை, வீரன் ஏறி அமர்ந்தால் அவன் எடையே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, அவன் இறங்கினால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடுகிறது. 1860 ஏப்ரலில் தொடங்கி, தந்திக் கம்பி கண்டத்தைக் கடந்த 1861 அக்டோபரில் முடிந்துபோன அந்தத் தபால் சேவை, செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரையிலான சுமார் 3,100 கிலோமீட்டரைப் பத்தே நாளில் கடந்ததற்கு, 16 முதல் 24 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரை மாற்றியதும், அந்த மாற்றத்துக்கு இரண்டே நிமிடம் ஒதுக்கியதும் முக்கியக் காரணங்கள்.

ஆனால் ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு இதை எப்படிக் காட்டுவது? பாயும் குதிரை பார்க்க அழகுதான். பை கைமாறும் இடமோ லாயத்து வாசல். ஆகவே கடிவாளத்தையும் வெண்கல வண்ணத்தையும் தள்ளிவைத்துவிட்டு, நான்கு கால்களையும் ஊன்றிக் காத்து நிற்கும் இரண்டாவது குதிரைக்கு நேற்றிரவு கம்பி முறுக்கத் தொடங்கினேன்.