செப்பிலோக்கில் அப்பாவுடன்

ஜூன் 8, ஞாயிறு. சண்டாக்கான்

விமானம் தாழத் தொடங்கியதிலிருந்து அப்பா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். "இது இளசு, இப்பதான் காய்ப்புக்கு வந்திருக்கும். அந்தா, அது இருபத்தஞ்சு வருசம் ஆனது, மறுநடவுக்கு நிக்குது" என்றார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்த மரத்தைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் அது நிற்கும் இடத்தில் முன்பு என்ன நின்றது என்று பார்க்கத்தான் போர்னியோத் தீவில் இருக்கும் சபா மாநிலத்துக்கு வந்திருக்கிறோம்.

ஜூன் 9, திங்கள். செப்பிலோக்

தாயை இழந்த உராங் உத்தான் என்னும் மனிதக் குரங்குகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் மையம் இங்கே இருக்கிறது. சண்டாக்கானிலிருந்து 25 கிலோமீட்டர். பையை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உராங் உத்தான் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கிட்டே போகக்கூடாது, தொடவே கூடாது. நம் சளியும் காசநோயும் அவற்றுக்கும் தொற்றும். சில இடங்களில் குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடுகிறார்கள். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இங்கே அந்த வேலையே கிடையாது.

கூச்சிங்கில் தன் வீட்டிலேயே அனாதைக் குட்டிகளை வளர்த்துப் பழகிய பார்பரா ஹாரிசனின் முயற்சியில் 1964இல் தொடங்கிய மையம் இது. சுற்றிலும் சுமார் 43 சதுர கிலோமீட்டர் காடு.

பத்து மணிக்குப் பணியாளர் ஒருவர் கூடையோடு சாப்பாடு போடும் மேடையில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் கயிறு ஆடியது. வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்க ஒரு தாய் வந்தாள். இரண்டு காலாலும் ஒரு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீதி ஒரு கையில் வாழைப்பழம். தோலை உதட்டாலேயே உரித்துக் கீழே போட்டாள். குட்டி எட்டி அவள் வாயிலிருந்தே ஒரு துண்டை எடுத்தது. அவள் தடுக்கவில்லை. அப்புறம் இன்னொன்று வந்தது, அவ்வளவுதான். மீதியைச் சாதாரணக் குரங்குகள் அள்ளிக்கொண்டு போயின.

"ரெண்டுதானா?" என்று பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். காட்டில் பழம் பழுக்கும் காலத்தில் யாரும் வராத நாளும் உண்டாம். தினமும் ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைப் போடுவதே, சலித்துப்போய்த் தானாக இரை தேடப் போகட்டும் என்பதற்காகத்தான். மேடை காலியாகக் கிடந்தால் மையம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மதியம் குட்டிகள் பழகும் இடத்தைக் கண்ணாடி வழியே பார்த்தோம். "நம்ம ஆயாக்கொட்டகை மாதிரியே இருக்கும்மா" என்றார் அப்பா. தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஆனால் இந்தக் குட்டிகளை அழைத்துப்போக மாலையில் எந்தத் தாயும் வரமாட்டாள். காடு அழியும்போதோ தோட்டத்துக்குள் வந்தபோதோ தாய் செத்திருப்பாள். சில குட்டிகளை வீட்டில் வளர்த்தவர்களிடமிருந்து மீட்டிருக்கிறார்கள். காட்டில் ஆறேழு வருசம் தாயோடு திரிந்து கற்றுக்கொள்ளும் பாடம் அது: எந்தப் பழத்தைத் தின்னலாம், எந்தக் கிளை தாங்கும், ராத்திரிக்குக் கூடு எப்படிக் கட்டுவது. இங்கே அதை மனிதர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. புதுக்குட்டியோடு கொஞ்சம் பெரியதைச் சேர்த்து விடுகிறார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல மழை. பக்கத்திலேயே இருக்கும் சூரியக் கரடி மையத்தை மட்டும் பார்த்தோம்.

ஜூன் 11, புதன். சுக்காவ்

கினாபாத்தாங்கான் ஆற்றில் படகு. கரையில் ஒரு கீற்றளவு காடு, அதற்குப் பின்னால் செம்பனை. கிளையாறுகளின் குறுக்கே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். உராங் உத்தானுக்கு நீந்தத் தெரியாது. முன்பு இரு கரை மரங்களும் மேலே கிளை கோத்து நின்றன. அந்தப் பெரிய மரங்களை வெட்டிய பிறகு கடக்க வழியில்லை.

ஆற்றங்கரையில் செம்பனை நடாமல் எவ்வளவு தூரம் விடவேண்டும் என்று அப்பா படகோட்டியிடம் மலாயில் கேட்டார். சட்டப்படி 20 மீட்டர்.

"ஒம்போது மீட்டருக்கு ஒரு மரம் நடுவோம். இருபதுன்னா ரெண்டு வரிசை" என்று அப்பா என்னிடம் கணக்குச் சொன்னார். "தண்ணி ஏறுற இடத்துல குலையும் சரியா வராது, வெட்டி வெளியே கொண்டுவரவும் முடியாது. அஞ்சு வரிசை விட்டாக்கூட தோட்டத்துக்குப் பெரிய நட்டம் இல்லம்மா. வெட்டுனவன் நான் சொல்றேன்."